மூன்றாவது புள்ளிக் கூட்டம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் புள்ளியக்கா. வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் காவலாளிக்கே தெரியாது. கீழ்த்தளத்தில் கடைசி அறை, கதவில் மேமோகிராம் என்று எழுதியிருக்கும். அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் பெண்களின் மார்பகங்களை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல. தினமும் காலையில், முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன்னால், அவள் உட்கார்ந்து புள்ளி எண்ணுவாள். அதனால்தான்.

அது என்ன புள்ளி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அந்த அறையில் டம்மி என்று ஒரு கட்டை உண்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று விரல் கனம். வெளியே பிளாஸ்டிக், உள்ளே மெழுகு. மெழுகுக்குள் நாலு வரிசையாகப் பதினாறு சாமான்களைப் புதைத்து வைத்திருக்கிறார்கள்: ஆறு நூல் துண்டுகள், ஐந்து புள்ளிக் கூட்டங்கள், ஐந்து சின்னக் கட்டிகள். ஒவ்வொரு வகையிலும் முதலாவது நன்றாகத் தெரியும், போகப் போகப் பொடிசாகும், கடைசியில் இருப்பது எப்பேர்ப்பட்ட மிஷினுக்கும் தண்ணி காட்டும். நிஜமான நோய் ஆரம்பத்தில் எவ்வளவு சின்னதாக, எவ்வளவு மங்கலாகத் தெரியுமோ, அந்த அளவுக்குச் செய்து வைத்தவை. டம்மியைப் படம் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் எண்ண வேண்டும். நாலு நூல், மூன்று புள்ளிக் கூட்டம், மூன்று கட்டி தெரிந்தால் மிஷின் பாஸ். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரையும் படம் எடுக்கக் கூடாது. எண்ணிக்கையை ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது புள்ளியக்காவின் வேலை.

ஒரு கூட்டத்துக்கு ஆறு புள்ளி, நட்சத்திரம் மாதிரி. மூன்றாவது கூட்டத்தின் புள்ளிகள் இருக்கின்றனவே, அவை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அவற்றைப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பாடு.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வருவது. டம்மி மாறாது. எந்தச் சாமான் எந்த இடத்தில் என்று ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் எண்ணுவது கண்ணா, ஞாபகமா என்று யாருக்கும் தெரியாது. டிஜிட்டல் வருவதற்கு முன்பு, ஃபிலிம் காலத்தில், புள்ளியக்காவே ஒரு நாள் மாட்டியிருக்கிறாள். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டி, நாலு, மூன்று, மூன்று என்று டாண் டாண் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். பிறகு பார்த்தால், படம் முந்தின நாளுடையது. அன்றைய படம் இன்னும் கழுவும் மிஷினுக்குள்ளேயே கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறிவிட்டது. அன்றிலிருந்து தன் கண்ணை அவள் நம்புவதில்லை. படத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் போட்டுத்தான் எண்ணுவாள். டிஜிட்டல் வந்தபின் அது இன்னும் சுலபம், ஒரு பொத்தானை அமுக்கினால் படம் கால் சுற்று திரும்பும். மற்றவர்கள் இதைக் கிறுக்கு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அண்ணி என்றால் புள்ளியக்காவின் நாத்தனார், கணவனின் மூத்த அக்கா. ஐம்பத்தாறு வயது, சொந்தமாகத் தையல் கடை. அவள் கண்ணில் படாத குற்றம் இந்த உலகத்தில் கிடையாது. தெருவில் எதிரே வருகிறவரின் சட்டையில் மூன்றாவது பொத்தான் மாற்று நூலில் தைத்திருந்தால் நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள். தம்பி பொண்டாட்டி என்று வந்தவளை விடுவாளா? திரைச்சீலை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, டம்ளரில் சோப்பு வாடை, பையனுக்குக் கிராப்பு கோணல். இருபத்தி நாலு வருஷத்தில் அண்ணி வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை புள்ளியக்கா கேட்டதில்லை. அதற்காக ஏங்கவில்லை என்று அவள் சொல்லிக்கொள்வாள். அது பொய்.

இப்படிப்பட்ட அண்ணிக்கு மேமோகிராம் என்றால் குலை நடுக்கம். பயம் என்று ஒப்புக்கொள்வாளா? மாட்டாள். ஆறு வருஷமாக ஒவ்வொரு சாக்கு: முட்டி வலி, கல்யாண ஆர்டர், மாவரைக்கும் மிஷின் ரிப்பேர். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, இல்லாததை எதுக்குப் போய்த் தேடணும்?" என்பாள். புள்ளியக்கா கெஞ்சினாள், கோபித்தாள், கணவனை விட்டுப் பேச வைத்தாள். கடைசியில் ஒரு வழியாக அண்ணி இறங்கி வந்தாள். அதுவும் நிபந்தனையோடு.

"ஒரே தடவைதான் வருவேன். நாளைக்கு வா, அப்புறம் வான்னு திருப்பி அனுப்பினீங்க, அதோட சரி. செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புள்ளியக்கா அறையைத் திறந்தாள். ஐந்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். மூக்கில் புதுக் கண்ணாடி வேறு, வாங்கிப் பத்து நாள் ஆகவில்லை. ஒன்பதரைக்கு அண்ணியின் முறை. டம்மியை மேடையில் வைத்தாள், தட்டை இறக்கினாள், படம் எடுத்தாள், அறை விளக்கை அணைத்துவிட்டு எண்ணினாள். நூல் நாலு. கட்டி மூன்று. புள்ளிக் கூட்டம் இரண்டு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு. திரையைத் துடைத்தாள், படத்தைப் பெரிதாக்கினாள், திருப்பிப் போட்டாள், தலைகீழாக்கினாள். இரண்டுதான். மறுபடி ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் தூவின மாதிரி சாம்பல் பொரிப் பொரியாக இருந்ததே தவிர நட்சத்திரத்தைக் காணோம்.

கூட வேலை பார்க்கும் டெக்னீஷியன் வந்தாள். நல்ல பெண், ஆனால் வாய் மூடாது, அதனால் எல்லாருக்கும் அவள் வாயாடி. ஐந்து நாளும் எண்ணிக் கையெழுத்துப் போட்டது அவள்தான். எட்டிப் பார்த்தாள்.

"மூணு தெரியுதே அக்கா. இதோ, இங்க. கொஞ்சம் மங்கல்தான், ஆனா இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"காய்ச்சல்ல கெடந்த உடம்பு. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, எல்லாம் தெரியும்."

டீயும் குடித்தாள். தெரியவில்லை. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பெரிய டாக்டரம்மா வந்தார். நல்ல மனசு, நிறைய வேலை, எப்போதும் அரை ஓட்டம். திரையில் ஒரு பார்வை பார்த்தார்.

"மூணு இருக்கும்மா. கம்ப்யூட்டர் படத்தை அளந்து குடுக்கற எண்ணும் பாஸ் கோட்டுக்கு மேலதான் இருக்கு."

"கோட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு டாக்டர். நான் படுக்கறதுக்கு முன்னாடி இவ்வளவு ஒட்டிக்கிட்டு இல்ல."

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார். "தப்பா நினைக்காதீங்க. புதுக் கண்ணாடி, காய்ச்சல், எல்லாம் சேர்ந்துடுச்சு. நாளைக்குக் கண் டாக்டரைப் பாருங்க. கொஞ்ச நாளைக்கு இந்தப் பொண்ணே எண்ணிக் கையெழுத்துப் போடட்டும்."

அன்பாகச் சொன்னதுதான். ஆனால் புள்ளியக்கா எடுத்த பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சம்பாதித்தது என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் கையெழுத்துதான்.

சரி, அது போகட்டும். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாற்காலியில் அண்ணி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விட்டால் ஓடிவிடுவேன் என்கிற முகத்தோடு. மிஷினை நிறுத்தினால் அண்ணி போய்விடுவாள், ஆறு வருஷப் பாடும் தண்ணீரில் போகும். நிறுத்தாமல் வாயாடி கையெழுத்தில் ஓட்டினால் அண்ணிக்குப் படம் கிடைக்கும். ஆனால் மூன்றாவது கூட்டத்தைக் காட்டாத மிஷின், அண்ணியின் உடம்பில் அதே அளவு ஒன்று இருந்தால் காட்டுமா? ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அண்ணியும் நிம்மதியாகப் போய்விடுவாள், அதோடு வரவே மாட்டாள்.

புள்ளியக்கா வெளியே போய் அண்ணியிடம் உள்ளதைச் சொன்னாள்.

"அண்ணி, மிஷின் சரியில்லைன்னு நான் சொல்றேன். கொஞ்ச நேரம் ஆகும்."

அண்ணி எழுந்தே விட்டாள். "நான் அப்பவே சொன்னேன்ல? நான் கெளம்பறேன்."

"மிஷின் நல்லாதான் இருக்குன்னு மத்தவங்க சொல்றாங்க. என் கண்ணுதான் சரியில்லையாம்."

அண்ணி நின்றாள். கைப்பை தோளில் ஏறிவிட்டது, கால் மட்டும் நகரவில்லை.

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

"உன் கண்ணு சரியில்லைன்னு நான் இருபத்தி நாலு வருஷமா சொல்றேன். அது நான் சொல்லலாம். கண்டவங்க சொல்றதுக்கு நீ என்ன கேட்பாரில்லாதவளா? எங்க, காட்டு அதை."

இப்படித்தான் அண்ணி, எந்த அறைக்கு வர மாட்டேன் என்று ஆறு வருஷம் பிடிவாதம் பிடித்தாளோ, அந்த அறைக்குள் யாரும் கூப்பிடாமலே நுழைந்தாள். மிஷினை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். நேரே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

புள்ளியக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த ஆஸ்பத்திரியில் டம்மியின் படத்தை ஒரு தடவைகூடப் பார்க்காத கண் இது. அதுவும் எப்படிப்பட்ட கண்! இத்தனை வருஷம் தன்னைக் குத்திய கண்ணை அவள் முதல்முறையாக ஆசையோடு பார்த்தாள்.

"அண்ணி, இந்தப் படத்துல ஆறு ஆறு புள்ளியா, நட்சத்திரம் மாதிரி, எத்தனை இடத்துல இருக்கு? எனக்காகச் சொல்லாதீங்க. தெரியறதைச் சொல்லுங்க."

"உனக்காக நான் எதுக்குடி சொல்லப் போறேன்?"

மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து, நாலு வரிசையையும் துணியில் இழை பிசகு தேடுகிற மாதிரி அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு. இங்க ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு. மத்ததெல்லாம் வெறும் பொரி."

டாக்டரம்மா சிரித்தார். "அம்மா, பழக்கமில்லாத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். எங்களுக்குப் பார்த்துப் பார்த்துப் பழக்கம்."

"பழக்கம்தான் பிரச்சினை, டாக்டர்," என்றாள் புள்ளியக்கா. "அஞ்சு நிமிஷம் குடுங்க. அண்ணி, கத்தரிக்கோல் இருக்கா?"

தையல்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? பழைய ஃபைல் அட்டையில் புள்ளியக்கா பென்சிலால் கட்டம் போட்டாள், அண்ணி அதைச் சதுர ஜன்னலாக வெட்டினாள், பிசிறில்லாமல். டாக்டரம்மாவையும் வாயாடியையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, புள்ளியக்கா அட்டையைத் திரைமேல் ஒட்டினாள். மூன்றாவது புள்ளிக் கூட்டம் வழக்கமாக இருக்கும் இடம், மூன்றாவது வரிசையில் இடது ஓரம், அது மட்டும் ஜன்னலில் தெரிந்தது.

"இப்பப் பாருங்க. இருக்கா, இல்லையா?"

டாக்டரம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இருக்கும்மா. ஆறுல அஞ்சு நல்லாவே தெரியுது."

"எனக்கு ஆறும் தெரியுது," என்றாள் வாயாடி.

"வெறும் பொரி," என்றாள் அண்ணி.

புள்ளியக்கா அட்டையை எடுத்தாள். படம் கால் சுற்று திரும்பிக் கிடந்தது. நூல்கள் எல்லாம் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக நின்றன.

"நீங்க ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துட்டு இருந்தப்ப பொத்தானை அமுக்கித் திருப்பிட்டேன் டாக்டர். அந்த இடத்துல இப்ப இருக்கறது புள்ளி இல்ல. நாலாவது கட்டி. அதை எந்த மிஷின்லயும் நாம பார்த்ததே இல்ல."

வாயாடிக்கே வாய் அடைத்துவிட்டது. டாக்டரம்மா திரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அஞ்சு நல்லாவே தெரியுதுன்னு சொன்னேனே! நானா சொன்னேன்?"

"நீங்கதான். நான் சாட்சி," என்றாள் அண்ணி. அவள் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அவள் தம்பியின் கல்யாணத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

சிரித்து முடித்ததும் டாக்டரம்மா காரியத்தில் இறங்கினார். மிஷினை நிறுத்தச் சொன்னார், சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டார். போன செவ்வாய்க்கிழமை, புள்ளியக்கா படுத்த முதல் நாள், அவர் வந்து சர்வீஸ் செய்துவிட்டுப் போயிருந்தார். ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். மிஷினின் உள் பக்கத்தைத் திறந்து பார்த்து, தலையைச் சொறிந்தார். சோதனைக்காகக் கதிரின் அளவைக் குறைத்து வைத்தவர், திரும்ப ஏற்ற மறந்துவிட்டார். கதிர் குறைந்தால் படத்தில் பொரி கூடும், பொரி கூடினால் பொடிப் புள்ளிகள் அதில் மூழ்கிப்போகும். அவ்வளவுதான் விஷயம். அசடு வழிய அளவைச் சரி செய்தார்.

இடைப்பட்ட நேரத்தில் வெளியே இருந்தவர்கள் கலைந்து போயிருக்க வேண்டும். ஒருத்தரும் போகவில்லை. அண்ணி வெளியே போய் நடந்ததை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் அவள் கத்தரிக்கோலின் பங்கு நாலு மடங்காகப் பெருகியிருந்தது. அத்தனை பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றே காலுக்குப் புதுப் படம் வந்தது. இந்த முறை டாக்டரம்மாவே அட்டையைக் கேட்டு வாங்கினார், எப்படித் திருப்பியிருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். மூன்று புள்ளிக் கூட்டம், நாலாவதில் பாதி. அண்ணியும் மூன்று என்றாள். புள்ளியக்கா ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

அந்த ஐந்து நாள் படங்களையும் டாக்டரம்மா அன்று மாலையே உட்கார்ந்து திரும்பப் பார்த்தார். சந்தேகமாக இருந்த பதினெட்டுப் பேரை மறுபடி வரவழைத்து எடுக்கச் சொன்னார். வாயாடிதான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். அதற்கு அந்த வாய் நன்றாகவே உதவியது. நல்ல வேளை, யாருக்கும் எதுவும் தப்பிப் போயிருக்கவில்லை.

அண்ணியின் முறை பதினொன்றரைக்கு வந்தது. ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டதும் முதல் கேள்வி, "இதை யாரு தைச்சது? கை வெச்சு தைச்சாங்களா, கால் வெச்சா?" தட்டு இறங்கி அழுத்தும்போது மட்டும் பேச்சு நின்றது. புள்ளியக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "மூச்சைப் பிடிங்க அண்ணி... விடுங்க." நாலு படம், பத்து நிமிஷம்.

"இவ்வளவுதானா?" என்றாள் அண்ணி. "இதுக்கா ஆறு வருஷம் என்னைப் போட்டுப் படுத்தின?"

பழியைத் தூக்கி இவள் தலையில் போட்டாயிற்று. புள்ளியக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். படத்தில் குறை ஒன்றும் இல்லை, ரெண்டு வருஷம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அண்ணி அடுத்த திங்கட்கிழமையே வந்து நின்றாள். காலை எட்டு மணிக்கு, கைப்பையில் கத்தரிக்கோலோடு.

"எண்ண வேணாமா?"

"அண்ணி, நீங்க ஒரு தடவை பார்த்துட்டீங்க. இனிமே உங்க கண்ணும் எங்க கண்ணு மாதிரிதான். பார்க்காத கண்ணா இருந்தா பரவாயில்ல."

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணி ஒரு நிமிஷம் யோசித்தாள், போய்விட்டாள். அதற்கடுத்த திங்கள், ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த ஒரு வாடிக்கைக்காரியைக் கையோடு இழுத்து வந்தாள். அந்த அம்மா டம்மியின் படத்தில் புள்ளி எண்ணினாள், மிஷினைத் தொட்டுப் பார்த்தாள், நாலு கேள்வி கேட்டாள், வந்ததுதான் வந்தோம் என்று தானும் படம் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. கையெழுத்து புள்ளியக்காவுடையதுதான், ஃபாரத்தில் மற்ற கண்ணுக்கு இடம் இல்லை. ஆனால் திங்கள்தோறும் ஒரு புதுக் கண் என்பது அந்த அறையின் வழக்கமாகிவிட்டது. பயந்து பத்து வருஷம் தள்ளிப்போட்டவர்கள், மிஷினைச் சோதிக்க வா என்றால் தைரியமாக வந்தார்கள். தன்னைச் சோதிக்க வருவதைவிட அது சுலபமாக இருந்தது போலிருக்கிறது.

பதினாலாவது வாரம் வந்தவள் அண்ணியின் கடையில் பொத்தான் தைக்கிறவள். புள்ளி எண்ணிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். அவள் படத்திலேயே ஒரு புள்ளிக் கூட்டம் இருந்தது, டம்மியின் மூன்றாவது கூட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அவ்வளவு சின்னதாக இருக்கும்போதே பார்த்ததால் சின்ன ஆபரேஷனோடு போயிற்று. இப்போது பழையபடி கடைக்கு வருகிறாள், பொத்தான் தைக்கிறாள், அண்ணியிடம் திட்டு வாங்குகிறாள்.

போன திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அன்றைக்கு வந்தவள் ரொம்பப் பயந்தவள். வெளி நாற்காலியில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவு பாதி திறந்திருப்பது தெரியாமல் கேட்டாள்.

"உள்ள இருக்கறவங்க படம் சரியா இருக்குன்னு சொன்னா நம்பலாமாக்கா?"

உள்ளே புள்ளியக்கா அன்றைய டம்மி படத்தைத் திருப்பிப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"யாரு, என் தம்பி பொண்டாட்டியா?" என்றாள் அண்ணி. "வீட்டுல தெரைச்சீலை நேரா மாட்டத் தெரியாது அவளுக்கு. ஆனா இங்க, அவ சரின்னா சரி. இல்லைன்னா டாக்டரே சொன்னாலும் சரியில்ல. நான் என் உடம்பைக் குடுத்து நின்னிருக்கேன், போ."

புள்ளியக்காவுக்குத் திரை கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், கண்ணையும் துடைத்தாள், எண்ணின எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நூல் நாலு, கட்டி மூன்று, புள்ளிக் கூட்டம் மூன்று.